கரண்ட் போனால் மட்டும் திறக்காத கணினி

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டரை மணிக்கு அக்காவின் கடைக் கணினி தொடர்ந்து ஆறாவது முறையாகத் தடங்கல் இல்லாமல் திறந்தது. அப்போதுதான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். இதற்கு முன்னால் இரண்டு மாதம் அலைந்திருக்கிறேன், தேவையில்லாத ஒரு எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) வாங்கியிருக்கிறேன், தப்பான இடத்தில் தேடி இரண்டு ஞாயிறுகளைச் செலவழித்திருக்கிறேன். இதே சிக்கலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு அந்த நாட்களாவது மிஞ்சட்டும் என்று வரிசையாக எழுதி வைக்கிறேன்.

அக்கா நடத்துவது ஜெராக்ஸ் கடை. அதோடு ஆன்லைன் விண்ணப்பம், ஆதார் வழியாகப் பணம் எடுத்துத் தருவது எல்லாம் உண்டு. மாத முதல் வாரத்தில் முதியோர் உதவித்தொகை எடுக்க வரும் பாட்டிமார்கள் காலை ஏழு மணிக்கே படியில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த நேரத்தில் கணினி திறக்காவிட்டால் அக்காவுக்கு வியாபாரம் போவது ஒரு பக்கம். பஸ் ஏறி வந்த பாட்டிகள் வெறுங்கையோடு திரும்பிப் போவதுதான் அவளுக்குத் தாங்காது.

கணினி பழசுதான். மூன்றாம் தலைமுறை ஐ5, எச்61 போர்டு, 8 ஜிபி ராம், 240 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 10. அதில் இரண்டு பிரின்டர், ஒரு ஸ்கேனர், விரல்ரேகை வைக்கும் கருவி, டிஜிட்டல் கையொப்ப டோக்கன் என்று இருக்கிற யுஎஸ்பி வாய் எல்லாம் நிறைந்திருக்கும்.

முதல் அறிகுறி தை மாதத்தில் வந்தது. பாஸ்வேர்டு போட்டதும் 'வெல்கம்' என்று வட்டம் சுற்றும், அப்படியே நிற்கும். ஆறேழு நிமிடம் கழித்துத் தானாக டெஸ்க்டாப் வந்துவிடும். அதன்பின் நாள் முழுக்க ஒரு குறையும் இருக்காது. மறுநாள் காலை இருபது விநாடியில் திறக்கும். நான்கைந்து நாள் கழித்து மறுபடி நிற்கும்.

"தம்பி, கரண்ட் போயிட்டு வந்தா மட்டும்தான்டா இப்படிப் பண்ணுது" என்று அக்கா போனில் சொன்னாள். கவனித்துச் சொன்ன வார்த்தை அது. முழுக்கச் சரியும்கூட. நான்தான் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டேன்.

கரண்ட் என்றதும் என் மனம் நேராக எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் போய்விட்டது. மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். 12 வோல்ட் வயரில் 11.91, 5 வோல்ட்டில் 5.04, 3.3 வோல்ட்டில் 3.31. ஏடிஎக்ஸ் என்ற தரநிலைக் கணக்குப்படி ஐந்து சதவீதம் கூடக்குறைய இருக்கலாம், அதாவது 12 வோல்ட் வயரில் 11.4 முதல் 12.6 வரை. எல்லாமே அதற்குள்தான் இருந்தன. மீட்டர் சொன்னதை அங்கேயே நம்பியிருக்க வேண்டும். ஆனால் கணினியில் நடப்பதை எல்லாம் விண்டோஸ் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து 'கிரிட்டிக்கல்' என்று மட்டும் வடிகட்டினேன். கெர்னல் பவர் 41 என்று சிவப்பு வரிகள் வரிசையாக நின்றன. பெயரிலேயே பவர் இருக்கிறதே, இதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். உண்மையில் அந்த 41 சொல்வது, போன தடவை கணினி முறைப்படி மூடப்படவில்லை என்பதை மட்டும்தான். கரண்ட் போனாலும் வரும், பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் வரும். அக்கா பொறுமை இழந்து பட்டனை அழுத்திய ஒவ்வொரு முறைக்கும் ஒரு 41 விழுந்திருக்கிறது.

புது எஸ்எம்பிஎஸ் 1,150 ரூபாய். கூடவே 120 ரூபாய்க்கு ஒரு சாட்டா கேபிள், 40 ரூபாய்க்கு போர்டில் போடும் சிஆர்2032 பட்டன் பேட்டரி. ராமைக் கழற்றி அதன் பித்தளை நிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினேன். எஸ்எஸ்டியின் ஆரோக்கியம் 91 சதவீதம் காட்டியது. ஐந்து நாள் நன்றாக ஓடியது. ஆறாம் நாள் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. சாயங்காலம் கரண்ட் வந்ததும் 'வெல்கம்' வட்டம் சுற்றிக்கொண்டு நின்றது.

மாசி நடுவில் நிலைமை இன்னும் மோசமானது. ஆறேழு நிமிடம் என்பது போய், நாற்பது நிமிடம் காத்திருந்தும் டெஸ்க்டாப் வரவில்லை. அணைத்துப் போட்டாலும் அதே கதை. சரி, இனிமேல் பொருள் வாங்குவதில்லை, விண்டோஸுக்குள்ளேயே தேடுவோம் என்று அடுத்த ஞாயிறு, மிகத் தேவையானதை மட்டும் ஏற்றி விண்டோஸ் திறக்கும் சேஃப் மோடுக்கு வந்தேன்.

சேஃப் மோடு எனக்குப் புதிதல்ல. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் ஒரு பிழையான அப்டேட்டால் உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. விமானங்கள் ரத்தாகின. அன்று எங்கள் அலுவலகத்திலும் கணினி கணினியாகச் சேஃப் மோடில் ஏற்றி அந்த ஒரே ஒரு ஃபைலை அழித்துவிட்டு வந்தோம். ஆனால் அன்று குற்றவாளி யாரென்று ஊரே சொல்லிவிட்டது. இங்கே நானே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

விண்டோஸ் 7 காலத்தில் எஃப்8 தட்டினால் போதும். விண்டோஸ் 8 வந்ததிலிருந்து அது தானாக வேலை செய்வதில்லை. ஆகவே துவங்கும்போதே பவர் பட்டனை அழுத்தி அணைத்து, திரும்பத் திரும்ப அப்படிச் செய்து, அடுத்த முறை தானாகப் பழுதுபார்க்கும் திரை வரும் வழியைப் பிடித்தேன். இது அவசியமே இல்லாத வேலை. பாஸ்வேர்டு கேட்கும் திரை வரை கணினி வந்துகொண்டுதானே இருந்தது? அந்தத் திரையின் கீழ் மூலையில் உள்ள பவர் படத்தைத் தட்டி, ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்தால் அதே இடத்துக்குப் போகலாம். எழுதிக்கொண்டிருக்கும் எஸ்எஸ்டியைப் பலமுறை பட்டென்று நிறுத்துவது நல்லதல்ல. பாஸ்வேர்டு திரையே வராதவர்கள் மட்டும் பவர் பட்டன் வழியில் போகட்டும்.

அங்கிருந்து ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட். ஒன்பது வரிகள் கொண்ட நீலத்திரை வரும். 4 என்றால் சேஃப் மோடு, 5 என்றால் இணையத்தோடு சேஃப் மோடு. நான் 4 அழுத்தினேன். நாற்பது விநாடியில் கறுப்புத் திரை, நான்கு மூலையிலும் 'சேஃப் மோடு', பெரிய பெரிய ஐகான்கள். 'வெல்கம்' திரையில் ஒரு நொடிகூட நிற்கவில்லை. இரண்டாவது முறையும் அப்படியே.

இந்த ஒரு சோதனைக்கு 1,150 ரூபாயைவிட மதிப்பு அதிகம். போர்டு, ராம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ் எல்லாம் அதேதான். சேஃப் மோடு ஏற்றாமல் விட்டது அவசியமில்லாத டிரைவர்களையும் (கருவிகளை இயக்கும் நிரல்கள்) சர்வீஸ்களையும் (பின்னணியில் தானாக ஓடும் நிரல்கள்), முக்கியமாக வெளியிலிருந்து வந்தவற்றைத்தான். ஆக, குற்றவாளி அந்தக் கும்பலில் இருக்கிறது.

இங்கே மறுபடி ஒரு தப்பான சந்தில் திரும்பினேன். அதே ஸ்டார்ட்டப் செட்டிங்ஸில் 2 அழுத்தினால் பூட் லாகிங். எந்த டிரைவர் ஏறியது, எது ஏறவில்லை என்று விண்டோஸ் ஃபோல்டரில் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி வைக்கும். 2 போட்டு நிற்கவிட்டு, பிறகு சேஃப் மோடில் வந்து அந்த ஃபைலைத் திறந்தேன். நூற்றுக்கணக்கான வரிகள். 'ஏறவில்லை' என்ற வரிகளும் ஏராளம். ஒவ்வொரு பெயராகத் தேடிப் படித்ததில் இரண்டு மணி நேரம் போனது. நல்ல கணினியிலும் அப்படி ஏறாத வரிகள் நிறைய இருக்கும் என்பது பிறகு என் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்த ஃபைலில் டிரைவர்கள் மட்டுமே இருக்கும், சர்வீஸ்கள் இருக்காது. திரை பாஸ்வேர்டு வரை ஒழுங்காக வந்து, அதன்பின் நிற்கிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சர்வீஸைத்தான்.

அடுத்து, சந்தேகப்பட்ட பிரின்டர் மென்பொருளைச் சேஃப் மோடிலேயே நீக்கப் பார்த்தேன். விண்டோஸ் இன்ஸ்டாலரை அணுக முடியவில்லை என்று பிழை வந்தது. சேஃப் மோடில் அந்த இன்ஸ்டாலர் சர்வீஸ் ஓடாது. விண்டோஸின் உள் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியில் சேஃப்பூட் என்ற கிளைக்குள் அதைச் சேர்த்து ஓட வைக்கலாம், ஆனால் ஊகத்தை நம்பி ரெஜிஸ்ட்ரியில் கை வைக்க எனக்கு மனமில்லை. பிரின்டரை விட்டுவிட்டேன். பிற்பாடு பார்த்தால் அது நிரபராதி.

அன்று செய்த இன்னொரு பிழையும் உண்டு. திரும்பத் திரும்ப அந்த நீலத்திரைக்குப் போக அலுத்து, விண்டோஸ் துவங்கும் விதத்தை மாற்றும் எம்எஸ்கான்ஃபிக் திறந்து பூட் பக்கத்தில் சேஃப் பூட் கட்டத்தில் டிக் வைத்தேன். எடுக்க மறந்து ஊருக்கு வந்துவிட்டேன். அந்த டிக் இருக்கும் வரை கணினி ஒவ்வொரு முறையும் சேஃப் மோடில்தான் எழும். திங்கள் காலை அக்கா போன் செய்தாள். "நெட்டு வரல, எழுத்தெல்லாம் பெருசு பெருசா இருக்கு, நாலு மூலையிலயும் என்னமோ இங்கிலீஷ்ல எழுதியிருக்கு." போனிலேயே வழி சொல்லி டிக்கை எடுக்க வைத்தேன். எடுத்ததும் பழைய தடங்கல் திரும்பியது. அந்த வாரம் முழுக்க அவள் பக்கத்துக் கடைத் தம்பியின் லேப்டாப்பைக் கேட்டு வாங்கி வேலை பார்த்தாள். அதை நினைத்தால் இப்போதும் மனசு சங்கடப்படுகிறது.

மூன்றாவது ஞாயிறு. காலை பத்து மணிக்கு ஒரு பேனா, ஒரு நோட்டோடு உட்கார்ந்தேன். சேஃப் மோடில் எம்எஸ்கான்ஃபிக்கின் சர்வீசஸ் பக்கத்துக்குப் போய், முதல் வேலையாக 'ஹைடு ஆல் மைக்ரோசாஃப்ட் சர்வீசஸ்' டிக் வைத்தேன். இதைச் செய்யாமல் எல்லாவற்றையும் அணைத்தால் விண்டோஸின் சொந்த சர்வீஸ்களும் அணைந்து வேறு வம்பு வரும். மிச்சம் 18 பெயர்கள். பதினெட்டையும் நோட்டில் எழுதிக்கொண்டு எல்லா டிக்கையும் எடுத்தேன். ரீஸ்டார்ட். சேஃப் மோடு இல்லாமல் சாதாரணமாகவே முப்பத்தைந்து விநாடியில் திறந்தது. எட்டு வாரத்தில் முதல் தடவையாக எனக்கு நம்பிக்கை வந்தது அப்போதுதான்.

இனி பாதி பாதியாகப் பிரிப்பதுதான் வேலை. முதல் 9க்கு டிக் வைத்தேன், திறந்தது. மிச்ச 9ல் 5ஐச் சேர்த்தேன், நின்றது. திரும்பச் சேஃப் மோடுக்கு வந்து அந்த ஐந்தில் 3க்கு மட்டும் டிக் வைத்துப் பார்த்தேன், திறந்தது. எடுத்துவிட்ட இரண்டில் ஒன்றைச் சேர்த்தேன், நின்றது. நான்கு சுற்றில் பதினெட்டு ஒன்றாகிவிட்டது. ஒவ்வொரு சுற்றையும் இரண்டு முறை செய்தேன், நான்கு நிமிடம் தாண்டினால் 'நின்றது' என்று குறித்தேன். மொத்தம் ஒன்றே கால் மணி நேரம். ஒரு முக்கியமான விஷயம்: ஒவ்வொரு முறையும் ரீஸ்டார்ட்தான் கொடுக்க வேண்டும், ஷட் டவுன் செய்து ஆன் செய்யக் கூடாது. ஏன் என்பது கீழே வருகிறது.

அகப்பட்டது பழைய விரல்ரேகைக் கருவியை ஆதார் வேலையோடு இணைக்கும் ஆர்டி சர்வீஸ். ஆதார் வேலைக்கு எல்0 என்ற பழைய தரக் கருவிகள் போய், பாதுகாப்பு கூடிய எல்1 தரக் கருவிகள் வந்தபோது அக்காவும் புதுசு வாங்கினாள். புதுக் கருவிக்கு மென்பொருள் போட வந்த ஆள் பழையதன் மென்பொருளை எடுக்கவில்லை. பழைய கருவி மேஜை அறைக்குள் தூங்குகிறது, அதன் சர்வீஸ் மட்டும் தினமும் எழுந்து இல்லாத கருவியைத் தேடிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பின்னால் மற்ற சர்வீஸ்கள் கியூவில் நிற்கின்றன. புதுக் கருவி வந்தது மார்கழிக் கடைசியில், தடங்கல் துவங்கியது தையில்.

சரி, கரண்ட் போனால் மட்டும் ஏன்? இதற்குப் பதில் தெரியாமல் விட எனக்கு மனம் ஒப்பவில்லை, அக்கா சொன்னது சும்மா சொன்னதல்ல. ஈவென்ட் வியூவரைத் திரும்பத் திறந்தேன். இந்த முறை சிவப்பை மட்டும் பார்க்காமல் கெர்னல் பூட் என்ற பெயரில் 27ஆம் எண் வரிகளை எடுத்தேன். ஒவ்வொரு துவக்கத்துக்கும் அது ஒரு பூட் டைப் எழுதுகிறது. இருபது விநாடியில் திறந்த நாட்களில் எல்லாம் கடைசி இலக்கம் 1. நின்ற நாட்களில் எல்லாம் 0. ஒரு நாள்கூடப் பிசகவில்லை.

1 என்றால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். விண்டோஸ் 8லிருந்து இருக்கும் வசதி. ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுக்க மூடுவதில்லை. விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலையும் ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸ்களையும் அப்படியே டிஸ்கில் உறைய வைத்துவிட்டு, காலையில் உருக்கி எழுப்புகிறது. சர்வீஸ்கள் புதிதாகத் துவங்குவதே இல்லை, அதனால் பழைய ஆர்டி சர்வீஸ் தேடலில் மாட்டுவதும் இல்லை. கரண்ட் பட்டென்று போனால் உறைய வைக்க நேரமில்லை. அடுத்த துவக்கம் முழுத் துவக்கம், அதாவது 0. எல்லாச் சர்வீஸும் முதலிலிருந்து எழும், அது மாட்டும். ரீஸ்டார்ட் கொடுத்தாலும் முழுத் துவக்கம்தான். மாசியில் அணைத்துப் போட்டும் ஏன் தீரவில்லை என்பதும் இதிலேயே விளங்கியது. ஒரு தடவை டெஸ்க்டாப் வராமலே அணைத்துவிட்டால், அடுத்ததும் முழுத் துவக்கம், அதற்கடுத்ததும் முழுத் துவக்கம். வெளியே வர வழியே இல்லை.

சர்வீஸ் கண்ட்ரோல் மேனேஜர் பெயரில் 7022 என்ற வரிகளும் அங்கேயே இருந்தன. துவங்கும்போது தொங்கிவிட்டது என்று அந்த ஆர்டி சர்வீஸின் பெயரையே சொல்லியிருந்தது. முதல் வரி தை 8ஆம் தேதி வாக்கில். அதற்கு நிறம் சிவப்புதான், ஆனால் 'எரர்', 'கிரிட்டிக்கல்' அல்ல. நான் வடிகட்டியதில் தப்பிப் போயிருந்தது.

பழைய மென்பொருளைச் சாதாரண மோடில் வைத்தே நீக்கினேன், இன்ஸ்டாலர் ஒழுங்காக ஓடியது. பிறகு டிவைஸ் மேனேஜரில் மறைந்த கருவிகளைக் காட்டச் சொல்லி, மங்கலாகத் தெரிந்த பழைய கருவியையும் டிரைவரோடு அழித்தேன். எம்எஸ்கான்ஃபிக்கில் நார்மல் ஸ்டார்ட்டப் கொடுத்து எல்லாவற்றையும் திருப்பினேன். புதுக் கருவியில் அக்கா தன் விரலை வைத்துப் பார்த்தாள், எடுத்துக்கொண்டது. நான்கு ரீஸ்டார்ட், அப்புறம் ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டு ஷட் டவுன். ஷிஃப்ட் பிடித்தால் உறைய வைக்காமல் முழுக்க மூடும். ஆறு தடவையும் 33 முதல் 36 விநாடிக்குள் டெஸ்க்டாப்.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்துவிட்டேன். காலையில் 14 விநாடி கூடும், பரவாயில்லை. கடைக் கணினியில் ஒரு கோளாறு வந்தால் வந்த அன்றே தெரிய வேண்டும், பராமரிப்பு மின்தடை வரை ஒளிந்திருக்கக் கூடாது. வீட்டு லேப்டாப்புக்கு இதைச் சொல்ல மாட்டேன்.

கரண்ட் பட்டென்று போனதுக்கும் ஒரு காரணம் இருந்தது. யுபிஎஸ் பேட்டரியைச் சும்மா அளந்தால் 12.7 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிப் பாரத்தோடு அளந்தேன், இருபது விநாடியில் 9.8க்கு இறங்கியது. 12 வோல்ட் 7 ஆம்பியர் அவர் பேட்டரி 1,050 ரூபாய். எனக்குத் தேவையாக இருந்த செலவு இது ஒன்றுதான்.

இன்னொரு தடவை இப்படி வந்தால் முதலில் ஷிஃப்ட் ரீஸ்டார்ட் போட்டு சேஃப் மோடில் திறக்கிறதா என்று பார்ப்பேன், இருபது நிமிட வேலை. திறந்தால் ஸ்குரூ டிரைவரைத் தொட மாட்டேன். ஈவென்ட் வியூவரில் 27ஐயும் 7022ஐயும் பார்த்துவிட்டு நேராகப் பாதி பாதியாகப் பிரிக்கத் துவங்குவேன். சேஃப் பூட் டிக் வைத்தால் மானிட்டர் மேல் ஒரு காகிதம் ஒட்டுவேன். புது லேப்டாப் என்றால், டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்கச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டுதான் தொடங்குவேன், அது இல்லாமல் இந்தத் திரைகளில் பாதி வழியில் நிற்க வேண்டி வரும்.

அந்தப் பதினெட்டு பெயர் எழுதிய தாளை கேபினட்டின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிறேன், ஒன்று அடிக்கப்பட்டிருக்கிறது. புதிதாக எந்தக் கருவி வந்தாலும் தேதியோடு அதில் எழுதச் சொன்னேன், எதை எடுத்தாலும் அதையும். நேற்று அக்கா வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினாள். தாளின் அடியில், பார்கோடு ஸ்கேனர், தேதி, மென்பொருள் போட வந்தவரின் போன் நம்பர்.